இருபதாம் நிமிடத்தில் சிவந்த வால்வு: ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரின் நிகழ்வு ஆய்வு

முதலில் பார்த்தவள் என் தங்கை. மாலை நேரம், விளக்குப் போடாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். "அண்ணா, அந்த ஓரத்துல இருக்கிறது மட்டும் வேற மாதிரி செவப்பா இருக்கு, பாரு" என்றாள். வால்வு என்பது பழைய ஆம்ப்ளிஃபயர்களில் டிரான்சிஸ்டரின் வேலையைச் செய்யும் கண்ணாடி வெற்றிடக் குழாய். அதற்குள் சூடேற்றும் இழையான ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது இயல்பு. அந்த ஒளி நடுத்தண்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும்தான் தெரியும். இங்கே அதைச் சுற்றி நிற்கும் சாம்பல்நிறத் தகடே, அதாவது பிளேட்டே, பக்கவாட்டில் மங்கலான சிவப்பாகக் காய்ந்திருந்தது. உடனே அணைத்தேன். அணைத்த பிறகும் சில விநாடிகள் அந்தச் சிவப்பு அடங்கவில்லை.

அந்த இடத்து வால்வை நான்கு மாதம் முன்புதான் மாற்றியிருந்தேன். அப்போதும் இதே இடது சேனல், இதே கரகரப்பு. பழைய வால்வு தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, எதையும் அளந்து பார்க்காமல் புதியதைச் செருகினேன். ஓசை தெளிந்தது. வேலை முடிந்தது என்று நம்பினேன். நல்ல வால்வு ஒன்றை அப்படித்தான் இழந்தேன். இந்த ஆய்வை விவரமாக எழுதக் காரணமும் அதுவே: செத்த பாகம் ஒன்று, அதைச் சாகடித்த பாகம் வேறொன்று. இரண்டாவதைத் தேடாதவரை முதலாவதை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

கருவி

இது 60 ஆண்டு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். சேனலுக்கு இரண்டு ஈஎல்84 வால்வுகள் புஷ்-புல் முறையில், அதாவது ஒன்று தள்ள மற்றது இழுக்க, வெளியீட்டு வேலையைச் செய்கின்றன. அமெரிக்கப் பெயரில் இது 6பிக்யூ5. உள்ளீட்டுக்கு ஓர் ஈசிசி83. அதன் ஒரு பாதி இடதுக்கும் மறுபாதி வலதுக்கும் பங்கிடப்பட்டுள்ளது. அடுத்து, சேனலுக்கு ஓர் ஈசிசி83, ஒலியலையை நேரும் எதிருமாக இரண்டாகப் பிரிக்கிறது. மின்சாரத்தை நேர்மின்னாக்க ஒரு ஜிஇசட்34 ரெக்டிஃபயர். ஆக எட்டு வால்வுகள். ஒவ்வொரு ஈஎல்84-க்கும் தனித்தனியே 270 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர் இருக்கிறது. கேத்தோடு என்பது ஹீட்டர் சூடாக்கும் நடுத்தண்டு; எலெக்ட்ரான்கள் அங்கிருந்து கிளம்பிப் பிளேட்டுக்குப் போகும். வீட்டில் பழுதுபார்ப்பவருக்கு இது பெரிய வசதி. அந்த ரெசிஸ்டரின் மேல் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்த்து 270-ஆல் வகுத்தால், அந்த வால்வு எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கிறது என்று தெரிந்துவிடும். எதையும் கழற்ற வேண்டாம்.

ஸ்டீரியோ என்பது இன்னொரு வசதி. சர்க்யூட் வரைபடம் கையில் இல்லாவிட்டாலும், நலமாக இருக்கும் சேனலே வரைபடம். வலதில் 210 வோல்ட் இருக்கும் இடத்தில் இடதில் 250 இருந்தால் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

புகார் மூன்று. முதலாவது, போட்ட இருபது நிமிடம் கழித்து இடது சேனலில் கரகரப்பு. இரண்டாவது, இரு சேனலிலும் ஹம் என்னும் முரலல், இடதில் கூடுதல். மூன்றாவது, இடதில் தாழ்ந்த சுரங்கள் கலங்கிக் கேட்டன, மிருதங்கத்தின் தொப்பி ஓசை சேற்றில் விழுந்தது போல. இந்த மூன்றும் தனித்தனிப் பழுதுகள் என்றுதான் தொடக்கத்தில் எண்ணினேன்.

உயிர் முதலில்

இதைச் சொல்லாமல் மேலே போக மாட்டேன். இந்தக் கருவிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரு பக்கமும் உறையிட்ட கிளிப் வைத்து, ஒரு முனையைச் சேசிஸிலும் (கருவியின் உலோக அடிச்சட்டம்) மறுமுனையை ஃபில்டர் கெபாசிட்டரின் நேர்முனையிலும் மாட்டி, அரை நிமிடம் விட்டு, மீட்டரில் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நேராக ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் பழக்கம் கெபாசிட்டருக்கும் கெடுதி, கண்ணுக்கும் கெடுதி. வடித்த பிறகு கிளிப்பை எடுத்துவிட்டால், கெபாசிட்டரின் உள்ளே ஊறிக் கிடந்த மின்னேற்றம் மெல்ல மேலேறி மறுபடி சில பத்து வோல்ட் வரை காட்டும். அதனால் வேலை முடியும்வரை கிளிப் அங்கேயே இருக்கட்டும்.

கருவி உயிரோடு இருக்கும்போது அளக்க வேண்டியவற்றுக்கு ஒரே முறைதான் வைத்திருக்கிறேன்: அணைத்து, வடித்து, மீட்டரின் கிளிப்பை மாட்டி, கையை எடுத்து, பிறகே சுவிட்சைப் போடுவது. அடுத்த இடத்துக்கு மாற்றுவதற்கு மறுபடி அணைப்பது. மெதுவான வேலைதான். இரு கைகளும் ஒரே நேரத்தில் சேசிஸுக்குள் போகாமல் இருக்க வேறு உறுதியான வழி எனக்குத் தெரியாது. உடன் ஒருவர் இருப்பதும் நல்லது. தங்கை சுவிட்சுப் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைக் குறித்துக்கொண்டாள்.

ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டக் கூடாது என்பதும் இதே வரிசையில் சேரும். சுமையின்றி ஒலி சென்றால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் முதல்சுருளில் மின்னழுத்தம் பாய்ந்தேறி, காப்பையே உடைத்துவிடலாம். சோதனைக்கு ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம், 25 வாட் ரெசிஸ்டர்களைப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினேன்.

பழுது நிலையில் எடுத்த எண்கள்

பாகம் எதையும் மாற்றுவதற்கு முன், கருவி இருந்த நிலையிலேயே ஒருமுறை அளந்துகொள்ள முடிவு செய்தேன். பழுதை அளக்காமல் சரிசெய்தால், சரியானது எதனால் என்று பிறகு சொல்ல முடியாது. சிவக்கத் தொடங்கும் நொடியில் அணைத்துவிடுவது என்ற ஒப்பந்தத்தோடு 22 நிமிடம் ஓட்டினோம்.

போட்ட ஐந்தாம் நிமிடத்தில் நான்கு கேத்தோடுகளும் 11.4 முதல் 12.3 வோல்ட் வரை இருந்தன. இருபதாம் நிமிடத்தில் மூன்று அசையவில்லை: 11.6, 11.4, 11.7. நான்காவது, இடது சேனலின் ஓரத்து வால்வு, 17.2-க்கு ஏறியிருந்தது. கணக்குப் பாருங்கள். 17.2-ஐ 270-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 64 மில்லி ஆம்பியர். வால்வுக்குள் பிளேட்டுக்கு முன் நிற்கும் ஸ்கிரீன் என்ற வலையின் பங்கு சுமார் 7 போக, பிளேட் வழியே 57. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 302 வோல்ட். பெருக்கினால் 17 வாட்டுக்கு மேல். ஈஎல்84-இன் பிளேட் தாங்கக்கூடிய உச்சம் 12 வாட். சிவப்பின் காரணம் இந்த 5 வாட் மிகுதி.

சரி, நலமாக இருந்த மூன்றும் உண்மையில் நலமா? அவை ஒவ்வொன்றும் 43 மில்லி ஆம்பியர் இழுத்தன. பிளேட் சூடு 12 வாட்டை ஒட்டியே நின்றது. அனுமதித்த உச்சம் 300 வோல்ட்; இங்கே கேத்தோடிலிருந்து பிளேட்டுக்கு 311 இருந்தது. ஹீட்டரில் 6.3 இருக்க வேண்டிய இடத்தில் 6.8 வோல்ட். ரெக்டிஃபயரின் ஹீட்டரில் 5-க்குப் பதில் 5.4. எல்லாமே சுமார் 8 விழுக்காடு கூடுதல். ஒரே விகிதத்தில் எல்லாம் கூடியிருந்தால் காரணம் வாசலிலேயே இருக்கும். சுவர் பிளக்கில் 238 வோல்ட் வந்தது. கருவியின் பின்புறத் தேர்வுக்கட்டை 220-இல் நின்றது. எத்தனை ஆண்டுகளாக அப்படி ஓடியதோ தெரியாது. அந்தக் கட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றவேயில்லை.

அடியில் பார்த்தவை

சேசிஸைத் தலைகீழாக வைத்துப் பார்த்தபோது இன்னும் மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஃப்யூஸ் கூட்டில் 5 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தது. எட்டு வால்வும் முழுச் சூட்டில் இருக்கும்போது இந்தக் கருவி சுவரிலிருந்து எடுப்பது ஏறத்தாழ 100 வாட், அரை ஆம்பியர்கூட முழுதாக இல்லை. மெதுவாக உருகும் 1 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். 5 ஆம்பியர் போட்டால், ஃப்யூஸ் உருகும் முன்பே மின் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். சேசிஸுக்குள் தீப்பற்றாமல் இத்தனை நாள் தப்பியதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை குளிர்கிறது.

இரண்டாவது, மின்கம்பி. இரட்டை இழைக் கம்பி, எர்த் இல்லை. அதோடு மின்னிணைப்பின் ஒரு முனையிலிருந்து சேசிஸுக்கு ஒரு பழைய காகிதக் கெபாசிட்டர். அந்தக் காலத்தில் இரைச்சலைக் குறைக்க அப்படி வைப்பார்கள். அது உள்ளே ஷார்ட் ஆனால் முழு மின்னழுத்தமும் சேசிஸுக்கு, அதாவது வால்யூம் குமிழைத் தொடும் கைக்கு, வந்துவிடும். அதைக் கழற்றி எறிந்தேன். மூன்று இழைக் கம்பி போட்டு எர்த்தைச் சேசிஸில் தனி போல்ட்டில் இறுக்கினேன்.

மூன்றாவது, கருவியின் முதல் ஃபில்டர் கெபாசிட்டருக்குப் பக்கவாட்டில் யாரோ 220 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். ஹம்மைக் குறைக்கத்தான். எண்ணம் புரிகிறது. ஆனால் ஜிஇசட்34-க்கு முதல் கெபாசிட்டர் 60 மைக்ரோ ஃபாரட்டுக்கு மேல் போகக் கூடாது. கெபாசிட்டர் பெரிதாக ஆக, ரெக்டிஃபயர் அதை நிரப்பும் சிறுநேரத்தில் பாயும் மின்னோட்டம் கூர்மையாக உயர்கிறது. சூடாக இருக்கும்போது அணைத்து உடனே போட்டால், கேத்தோடு பூச்சு பொறிந்து உதிரலாம். அரைக்கடத்தி டயோடு வைத்த கருவிகளில் பழகிய கைக்கு இந்த எல்லை நினைவுக்கு வராது.

ஹம் எங்கிருந்து

ஹம்மில் இரண்டு வகை உண்டு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால், ஹீட்டரிலிருந்தோ எர்த் சுற்றிலிருந்தோ நுழைவது 50 ஹெர்ட்ஸ், ஆழமான முரலல். நேர்மின்னாக்கிய மின்சாரம் சரியாக வடிகட்டப்படாமல் நுழைந்தால் 100 ஹெர்ட்ஸ். அதில் சிறு கரடு கலந்திருக்கும். இரண்டையும் கேட்டுப் பழகிவிட்டால் காதே சொல்லும். பழகாதவர்கள் கைப்பேசியில் அலைவரிசை காட்டும் செயலியை ஸ்பீக்கர் முன் பிடித்தால் போதும். என் கருவியில் 100. வால்யூமை முழுதும் தாழ்த்தினாலும் அப்படியே இருந்தது. உள்ளீட்டு ஈசிசி83-ஐப் பிடுங்கினாலும் அப்படியே. ஆக, மின்வழங்கல் பகுதிதான்.

மீட்டரை மாறுமின் நிலையில் வைத்து அளந்தேன். முதல் கெபாசிட்டரில் 1.8 வோல்ட் சிற்றலை, அதாவது நேர்மின்சாரத்தில் எஞ்சிய ஏற்ற இறக்கம். அந்தச் சேர்த்த 220-இன் புண்ணியத்தில் இது மிகக் குறைவு. அங்கிருந்து சோக் (இரும்புக் கருவில் சுற்றிய சுருள்) வழியாக இரண்டாவது கெபாசிட்டருக்குப் போகிறது. அங்கே 0.4 வோல்ட். பார்ப்பதற்குச் சிறிய எண். ஆனால் சோக்கும் நல்ல 50 மைக்ரோ ஃபாரட்டும் சேர்ந்தால் சிற்றலை ஏறத்தாழ தொண்ணூறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். இங்கே நான்கு, ஐந்தில் ஒரு பங்காகத்தான் குறைந்தது. கழற்றிப் பார்த்தபோது, 50 என்று அச்சிட்ட அந்த இரண்டாவது பகுதியில் எஞ்சியிருந்தது 3 மைக்ரோ ஃபாரட். உள்ளே காய்ந்துபோன கெபாசிட்டர். முன்பு கைவைத்தவர் நோயில்லாத முதல் பகுதிக்கு மருந்து போட்டிருக்கிறார். ஹம் குறைந்தது, போகவில்லை.

அலுமினிய டப்பாவைத் தோற்றத்துக்காக மேலே அப்படியே விட்டு, அதன் இணைப்புகளை மட்டும் துண்டித்தேன். சேசிஸுக்கு அடியில் 47 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட் கெபாசிட்டர்களை முதலுக்கும் இரண்டாவதுக்கும் முன்நிலைப் பகுதிக்கும் தனித்தனியே வைத்தேன். 450 ஏன் என்றால், வெளியீட்டு வால்வுகள் சூடாகி மின்னோட்டம் இழுக்கத் தொடங்கும் முன் மின்னழுத்தம் 400-ஐத் தாண்டி நிற்கும். ஓடும் நிலையில் அளந்த 300-ஐ நம்பி 350 வோல்ட் கெபாசிட்டர் வாங்குபவர்கள் இந்தச் சில விநாடிகளில்தான் ஏமாறுகிறார்கள்.

தேர்வுக்கட்டையை 240-க்கு மாற்றினேன். பிறகு சீரீஸ் லேம்ப் (மின்வழியில் தொடராக மாட்டிய பல்ப்) வழியாகப் படிப்படியாக உயிரூட்டினேன்: முதலில் வால்வு எதுவும் இல்லாமல், மின் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும். 100 வாட் இழை பல்ப் எரியவேயில்லை, அதுதான் வேண்டும். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. இழை சூடாகும்போது அதன் தடை உயர்வதைத்தான் இந்தச் சோதனை பயன்படுத்துகிறது. அடுத்து ரெக்டிஃபயரும் சிறிய வால்வுகளும். பல்ப் ஒருமுறை மின்னி, அடங்கி, மங்கலாக நின்றது. பிறகுதான் பல்பை விலக்கி நேரடி மின்சாரம்.

குற்றவாளி

இப்போது ஈஎல்84 நான்கும் வெளியே. அவற்றின் கூடுகள் காலி. ஒவ்வொரு கூட்டிலும் இரண்டாம் ஊசி கிரிட், அதாவது கேத்தோடிலிருந்து பிளேட்டுக்குப் பாயும் எலெக்ட்ரான்களைக் கட்டுப்படுத்தும் வலை. அங்கே நேர்மின்னழுத்தம் சுழியாக இருக்க வேண்டும். ஏனென்றால் கிரிட்டிலிருந்து 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் தரைக்கு இறங்குகிறது. மறுபக்கம் அதை முந்தைய வால்வின் பிளேட்டோடு இணைப்பது 0.1 மைக்ரோ ஃபாரட் கப்ளிங் கெபாசிட்டர் மட்டுமே. கெபாசிட்டர் ஒலியலையை விடும், நேர்மின்சாரத்தை விடாது. விடக் கூடாது.

மூன்று கூடுகளில் 0.3, 0.4, 0.9 வோல்ட். நான்காவதில், சிவந்த வால்வு இருந்த கூட்டில், போட்டவுடன் 2 வோல்ட். அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினாள்: 2.1, 3.4, 4.7, 5.6. பிறகு 6.0-இல் நின்றது. கெபாசிட்டர் சூடேறச் சூடேறக் கசிவு ஏறியிருக்கிறது. அந்த இருபது நிமிடத்தின் விடை இந்த ஐந்து எண்களில் இருந்தது. சில மாதங்களாக என்னைக் குழப்பியது ஒரு சுண்டுவிரல் நீளப் பொருள்.

வால்வு வெளியே இருக்கும்போதே கிரிட்டில் மின்னழுத்தம் தெரிவதால், வால்வின் மேல் பழி போட இடமில்லை. இந்தச் சோதனையின் அழகே அதுதான். வால்வு இருக்கும்போது மட்டும் தெரிந்து, பிடுங்கியதும் மறைந்தால் வால்வுக்குள் வாயு புகுந்திருக்கலாம். பிடுங்கிய பிறகும் நின்றால் கெபாசிட்டர். இரண்டையும் பிரிக்க இதைவிட எளிய வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முந்தைய பிளேட்டில் அப்போது 275 வோல்ட். அதில் 6 வோல்ட் 470 கிலோ ஓம் மேல் விழுகிறது என்றால், மீட்டரின் சொந்தத் தடையையும் சேர்த்துக் கணக்கிட, கெபாசிட்டரின் கசிவுத் தடை சுமார் 20 மெகா ஓம். 20 மெகா ஓம் என்பது கேட்பதற்குப் பெரிய எண். பெரும்பாலான இடங்களில் அதைத் திறந்த சுற்று என்றே கொள்ளலாம். கிரிட் முன்னால் அப்படிக் கொள்ள முடியாது. ஓர் ஈஎல்84-இன் கிரிட் ஒரு வோல்ட் நேர்ப்பக்கம் நகர்ந்தால் பிளேட் மின்னோட்டம் 11 மில்லி ஆம்பியர் அளவு எகிறப் பார்க்கும். கேத்தோடு ரெசிஸ்டர் அதைப் பெரும்பகுதி தடுத்துப் பிடிக்கிறது. அது இல்லாமல், கிரிட்டுக்குத் தனி மின்னழுத்தம் கொடுக்கும் நிலையான பயாஸ் வைத்த கருவியாக இருந்திருந்தால் அந்த வால்வு நான்கு மாதம் தாங்கியிருக்காது.

கழற்றிய கெபாசிட்டரைக் கெபாசிட்டர் மீட்டரில் வைத்தேன். 0.12 மைக்ரோ ஃபாரட் என்று காட்டியது. அச்சிட்ட மதிப்பைவிடச் சற்று அதிகம், கெட்டுப்போனதற்கான அறிகுறி எதுவுமே இல்லை என்று தோன்றும். கசியும் காகிதக் கெபாசிட்டர்கள் சாதாரண மீட்டரில் இப்படி உயர்த்திக் காட்டுவது வழக்கம்தான். மல்டிமீட்டரின் ஓம் நிலையும் உதவவில்லை. சில வோல்ட்டில் சோதித்தால் கசிவு வெளிப்படாது. 200 வோல்ட்டுக்கு மேல், சூட்டோடு, உள்ள இடத்திலேயே அளந்தால்தான் உண்மை தெரியும். பழைய கருவி வைத்திருப்பவர்கள் கெபாசிட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரில் வைத்து "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று திரும்ப வைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன்.

நான்கையும் மாற்றினேன். 0.3, 0.4 காட்டியவை இன்னும் சில ஆண்டு ஓடியிருக்கலாம். ஆனால் ஒரே வயது, ஒரே பொருள், ஒரே சூடு. ஒன்று போன வழியில்தான் மற்றவையும் போகும். 0.1 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் பாலிப்ராபிலீன். விலை கூடிய "ஒலிக்கென்றே" செய்த கெபாசிட்டர்களைத் தேடவில்லை. கசியாமல் இருப்பதே இந்த இடத்தில் அதன் முழுத் தகுதி என்பது என் கருத்து. மறுபடி காலிக் கூடுகளில் அளந்தபோது நான்கிலும் 0.01-க்குக் கீழே.

மூன்று புகாரும் ஒரே முடிச்சு

புஷ்-புல் முறையில் இரண்டு வால்வுகளும் டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதிகளை எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. இரண்டும் சம அளவு நேர்மின்னோட்டம் இழுத்தால் இரும்புக் கருவில் அவற்றின் காந்தம் ஒன்றையொன்று அழித்துவிடும். மின்வழங்கலில் எஞ்சிய சிற்றலையும் அதேபோல் அழிந்துபோகும். இடது சேனலில் ஒன்று 64, மற்றது 43. அந்த 21 மில்லி ஆம்பியர் வேறுபாடு கருவை ஒருபக்கமாகக் காந்தமாக்கி வைத்திருந்தது. தாழ்ந்த சுரங்களுக்குத்தான் கருவில் அதிக இடம் வேண்டும். இருந்த இடத்தை வேறுபாடு தின்றுவிட்டதால் அவை கலங்கின. சிற்றலை அழியாததால் இடதில் ஹம் கூடுதல். கரகரப்பு, ஹம், கலங்கிய பாஸ்: காய்ந்த ஃபில்டரை விலக்கிப் பார்த்தால் மூன்றிலும் அந்த ஒரே கெபாசிட்டரின் கை இருந்தது.

சிவந்த வால்வு பிழைத்ததா என்று அறிய அதையே திரும்பச் செருகினேன். புதிய கெபாசிட்டரோடு, பதினைந்து நிமிடத்தில் கிரிட்டில் 1.1 வோல்ட். கெபாசிட்டர் இப்போது குற்றமற்றது என்று நிறுவியாகிவிட்டது. ஆக இது வால்வின் சொந்தக் கிரிட் மின்னோட்டம், 2.3 மைக்ரோ ஆம்பியர். மிகைச் சூட்டில் உலோகத்திலிருந்து வெளியான வாயு உள்ளே தங்கியிருக்கிறது. கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப்பூச்சு இன்னும் பளபளப்பாகத்தான் இருந்தது. காற்று புகுந்தால்தான் அது பால்வெள்ளையாகும். இது அந்த அளவுக்குப் போகவில்லை. இருந்தாலும் அதை ஒதுக்கிவிட்டேன். வேறொரு ஈஎல்84 செருகியபோது கிரிட்டில் 0.03 வோல்ட்.

நான் செய்த ஒரு தவறு

வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டிருக்குமோ என்ற அச்சம் இருந்ததால், இடையில் இடது சேனலின் இரு பிளேட் கம்பிகளையும் கழற்றி அளந்திருந்தேன். நடுமுனையிலிருந்து ஒரு பாதி 172 ஓம், மறுபாதி 190 ஓம். இந்த வேறுபாட்டைக் கண்டு பதற வேண்டாம். உட்சுருளைவிட வெளிச்சுருளின் ஒவ்வொரு சுற்றும் நீளம் அதிகம். சுற்று எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் ஓம் வேறாகத்தான் வரும். வலது சேனலிலும் ஏறக்குறைய அதே இரண்டு எண்கள். 6.3 வோல்ட் மாறுமின்னை முழு முதல்சுருளுக்கும் கொடுத்து, ஸ்பீக்கர் முனையில் 0.2 வோல்ட் வருவதையும் பார்த்தேன். சுற்று விகிதம் சுமார் 31.5, 8 ஓம் ஸ்பீக்கர் பிளேட்டுகளுக்கு ஏறத்தாழ 8 கிலோ ஓமாகத் தெரியும் என்பதற்கு அது பொருந்தியது. டிரான்ஸ்ஃபார்மர் நலம்.

திரும்பப் பற்றவைக்கும்போது தவறினேன். கம்பிகளின் நிறம் வெளுத்து இரண்டும் ஒரே பழுப்பாக இருந்தன. அடையாளம் கட்டாமல் கழற்றியிருந்தேன். மாற்றி வைத்துவிட்டேன். இந்தக் கருவியில் ஸ்பீக்கர் முனையிலிருந்து உள்ளீட்டு வால்வின் கேத்தோடுக்கு எதிர்ப்பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பங்கு, உள்ளீட்டை எதிர்க்கும் வகையில்) போகிறது. பிளேட் கம்பிகள் இடம் மாறினால் எதிர், நேராகிவிடும். வால்வுகள் சூடானதும் சுமை ரெசிஸ்டர் காயத் தொடங்கியது, டிரான்ஸ்ஃபார்மரே ஊளையிட்டது. தங்கை சுவிட்சில் கை வைத்திருந்ததால் ஐந்தாறு விநாடியில் நின்றது. ஸ்பீக்கர் மாட்டியிருந்தால் அதன் சுருள் போயிருக்கும். இப்போது எந்தக் கம்பியைக் கழற்றும் முன்பும் எண் எழுதிய துண்டு நாடாவை ஒட்டுகிறேன். புகைப்படம் எடுத்திருந்தேன்தான்; வெளுத்த நிறங்கள் புகைப்படத்திலும் வெளுத்துத்தான் இருக்கும்.

மீதி வேலைகள்

பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு உயரும். அலைபிரிப்பான் பகுதியில் 100 கிலோ ஓம் என்றிருந்த ஒன்று 138 காட்டியது. இரு சேனலிலும் பிளேட் ரெசிஸ்டர்களை மாற்றினேன், ஸ்கிரீன் ரெசிஸ்டர்களையும். கேத்தோடு கெபாசிட்டர்கள், வால்வுக் கூடுகளைத் துடைத்தல், வால்யூம் கண்ட்ரோலுக்குள் கிளீனர்: இவை அரைநாள் வேலை, சொல்வதற்கு எதுவுமில்லை. மதிப்பு மாறாத ரெசிஸ்டர்களை அப்படியே விட்டேன். கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கிப் புதிது வைப்பது பழுதுபார்த்தல் ஆகாது. பற்றவைப்பு ஒவ்வொன்றும் புதிய தவறுக்கு ஒரு வாய்ப்பு.

முடிவில் எடுத்த எண்கள் இவை. சுவரில் 238 இருக்க, ஹீட்டரில் 6.25 வோல்ட். உயர் மின்னழுத்தம் 308. கேத்தோடுகள் 10.6, 10.4, 10.6, 10.5. பிளேட் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 வாட். முதல் கெபாசிட்டரில் சிற்றலை 7 வோல்ட்டாக உயர்ந்திருக்கிறது, 220 போனதால். சோக்கைத் தாண்டிய பிறகு 0.1-க்கும் கீழே. ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் ஹம் கேட்கிறது. 1 கிலோ ஹெர்ட்ஸ் அலையைச் செலுத்தி, உச்சி வெட்டுப்படும் முன் 8 ஓமில் கிடைத்தது இடதில் 8.9 வோல்ட், வலதில் 9.0, இரண்டும் 10 வாட்டை ஒட்டி.

மூன்று மாதம் கழித்து, இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு மறுபடி அளந்தேன். கேத்தோடு நான்கும் 10.4-க்கும் 10.7-க்கும் நடுவில். ஓரத்து வால்வின் கிரிட்டில் 0.03. விளக்கை அணைத்துவிட்டுத் தங்கை நான்கையும் ஒரு சுற்று பார்த்தாள். ஹீட்டரின் ஆரஞ்சு மட்டும்தான் தெரிந்தது.